மூன்று உறை, ஒரே பசை

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

எல்லாரும் நலம் என்று எழுதினால் என் முழங்கால் கோபித்துக்கொள்ளும். அதைத் தவிர இங்கே எல்லாரும் நலம். கண் ஆபரேஷனுக்குப் பிறகு மாமா பேப்பரை ஒரு எழுத்து விடாமல் படிக்கிறார். படித்ததை எனக்கு இன்னொரு தடவை படித்தும் காட்டுகிறார். உன் மனைவிக்கு முதுகுவலி தேவலையா? மருமகள் பரீட்சைக்குப் படிக்கிறாளா, இல்லை அப்பாவைப் போலத்தானா?

உன் கடிதம் வந்தது. ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததை இன்று கேட்டுவிடுகிறேன். அக்காவுக்கு எழுதும் கடிதத்தில் எதற்கடா செக்கில் போடுவது போல முழுக் கையெழுத்து? அந்த நீள வாலும், வாலுக்குக் கீழே இரண்டு புள்ளியும்! 'தம்பி' என்று எழுதினால் நம்பமாட்டேனா? "அவன் டீ குடிச்சாக்கூட கிளாஸ்ல கையெழுத்து போட்டுட்டுத்தான் வைப்பான்" என்கிறார் மாமா.

ஒரு சேதி. ஓய்வு பெற ஒன்றரை வருஷம் இருக்கும்போது என்னை ஓய்வூதியப் பிரிவிலிருந்து தூக்கி, கல்லூரியின் கொள்முதல் பிரிவுக்குக் கண்காணிப்பாளராகப் போட்டுவிட்டார்கள். எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர் நீண்ட விடுப்பில் போய்விட்டார். அவருக்கு முன்னால் இருந்தவர் சஸ்பெண்ட். நாற்காலி நன்றாகத்தான் இருக்கிறது, கொஞ்சம் ஆடுகிறது.

விதிப் புத்தகம் தலையணை கனம். ஒரு பெட்டி சாக்பீஸ் வாங்கினாலும் மூன்று பேரிடம் விலை கேட்க வேண்டும். பெரிய பொருள் என்றால் டெண்டர், முத்திரை வைத்த உறை, கமிட்டி. எல்லாவற்றுக்கும் கடைசியில் ஓர் உறுதிமொழி: விலை கொடுத்தவர்களில் எனக்கு உறவினர் எவருமில்லை. ஆகையால் உன் பட்டறை ஸ்டூல் எங்கள் கல்லூரி வாசலைத் தாண்டக் கூடாது. சொல்லிவிட்டேன்.

போனில் பேசிக்கொள்ளலாமே என்கிறாளாம் உன் மனைவி. போனில் நீ என்னைப் பேசவிடுவதில்லை, நான் உன்னைப் பேசவிடுவதில்லை. நமக்குக் காகிதம்தான் சரி.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முழங்காலுக்கு என் வணக்கத்தைச் சொல். இங்கே அனைவரும் சுகம். முதுகுவலிக்கு டாக்டர் குனியாதே என்றாராம். அன்றிலிருந்து வீட்டில் கீழே விழும் எல்லாவற்றையும் நான்தான் எடுக்கிறேன்.

உனக்கேற்ற வேலைதான் கொடுத்திருக்கிறார்கள். சின்ன வயதில் மிட்டாயைப் பங்கு போடும்போதே ஸ்கேல் வைத்து அளந்தவள் நீ.

பட்டறை ஓடுகிறது. ஆறு பேர் இருக்கிறார்கள். பள்ளிக்கூட பெஞ்ச், ஸ்டூல், இரும்பு அலமாரி. எல்லாம் அரசாங்கப் பள்ளி ஆர்டர்தான், அதுவும் எங்கள் ஊர் பெரிய கடைக்காரர் மூலமாக. அவர் இல்லையென்றால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான். ஆமாம், உங்கள் கல்லூரிக்கு அவர் வருகிறாரா? சும்மா கேட்டேன்.

என் ஸ்டூல் உன் வாசலைத் தாண்டாது. சத்தியம்.

உன் தம்பி
(கையெழுத்து வழக்கம்போலத்தான். கை கேட்கமாட்டேன் என்கிறது.)


பிப்ரவரி 27

அன்புள்ள தம்பிக்கு,

நலம்தானே? இங்கே தலைக்கு மேல் வேலை. வேதியியல் ஆய்வகத்துக்கு நாற்பத்தெட்டு மேஜை வாங்குகிறோம், அமிலம் பட்டாலும் அரிக்காத கல் பதித்தது. இப்போது இருக்கிற மேஜைகளை நீ பார்க்க வேண்டும். பலகை புண் மாதிரி குழிந்திருக்கிறது. போன மாதம் ஒரு பெண்ணின் புத்தகப்பை வெந்தே போயிற்று.

நேற்றுதான் உறை போடக் கடைசி நாள். உங்கள் பெரிய கடைக்காரரும் முன்பே வந்து விவரம் கேட்டுப் போனார், அதனால் உன் கேள்விக்குப் பதில் ஆமாம். மூன்று மணிக்குப் பெட்டியைப் பூட்ட வேண்டும். மூன்றாக ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஓர் அம்மா மூச்சிரைக்க என் ஜன்னலுக்கு ஓடி வந்தாள். நல்ல காய்ச்சல், கண்ணெல்லாம் சிவப்பு. ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்தாளாம். கைப்பையிலிருந்து ஓர் உறையை எடுத்தாள். அப்புறம் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. அதில் ஒன்று வாய் பிளந்திருந்தது. "மேடம், கொஞ்சம் பசை இருக்குமா?" என்றாள்.

மூன்று போட்டியாளர்களும் ஒரே கைப்பையில் பஸ் ஏறி வந்திருக்கிறார்கள், எவ்வளவு ஒற்றுமை பார்! விதிப்படி நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. எந்தக் கல்லூரியிலும் யாரும் கேட்பதில்லை என்று எனக்குத் தெரியும். என் மேஜையிலிருந்த பசை பாட்டிலையே எடுத்துக் கொடுத்தேன். ஒட்டிவிட்டு, "நல்லா இருப்பீங்க மேடம்" என்று கும்பிட்டுப் போனாள். உறையின் மேல் டெண்டர் எண் மட்டும்தான் இருக்கும், யாருடையது என்று தெரியாது. செவ்வாய்க்கிழமை பிரிக்கிறோம்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 5

தம்பிக்கு,

கல் பதித்த மேஜை செய்ய ஆரம்பித்திருக்கிறாயா? சமீபத்தில் வெளியூருக்கு எங்கேயாவது விலை எழுதிக் கொடுத்தாயா? உன் லெட்டர்பேட் வேறு யாரிடமாவது இருக்கிறதா?

இந்த மூன்றுக்கும் மட்டும் பதில் எழுது. உடனே எழுது.

அக்கா


மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தில் நலம்கூட விசாரிக்கவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? இங்கே சுகம்.

பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். வெல்டிங் மெஷின் பழுது. கல் மேஜையா? என் பட்டறையில் கல் என்றால் உளி தீட்டுகிற கல் ஒன்றுதான். வெளியூருக்கு நான் விலை எதுவும் கொடுக்கவில்லை. நீ கேட்டதால் ஓர் இடத்தில் விசாரித்தேன். ஒன்றுமில்லை, பயப்படாதே என்றார்கள்.

உன் மருமகள் உன்னை விசாரித்தாள்.

தம்பி


ஏப்ரல் 2

அனுப்புநர்: கண்காணிப்பாளர், கொள்முதல் பிரிவு, அரசுக் கல்லூரி.
பெறுநர்: உரிமையாளர், இரும்புத் தளவாடப் பட்டறை.

ஐயா,

பொருள்: வேதியியல் ஆய்வக மேஜைகள் (48) – குறைந்த விலை ஏற்பு – உற்பத்தி இடம் பார்வையிடல் – தொடர்பாக.

மேற்காணும் ஒப்பந்தப்புள்ளியில் தாங்கள் அளித்த விலையே மிகக் குறைந்த விலை எனக் கமிட்டி முடிவு செய்துள்ளது. ஆணை வழங்கும் முன் மே மாதம் 4-ஆம் தேதி காலை பதினொரு மணிக்குக் கமிட்டி தங்கள் பட்டறையைப் பார்வையிடும். கல் அறுக்கும் வசதி உள்ளிட்ட உற்பத்தி வசதிகள் இல்லையென்று அறியப்பட்டாலோ, தாங்கள் விலகிக்கொண்டாலோ, அரசுக் கல்வி நிறுவனங்கள் அனைத்துக்குமான கறுப்புப் பட்டியலில் தங்கள் நிறுவனம் சேர்க்கப்படும் எனத் தெரிவிக்கப்படுகிறது.

தங்கள் உண்மையுள்ள,
கண்காணிப்பாளர்


ஏப்ரல் 7

அக்கா,

பழுப்பு உறையைப் பிரித்தேன். கீழே உன் கையெழுத்து. என்னை 'ஐயா' என்று கூப்பிட்டிருக்கிறாய். சிரிப்பு வந்தது, அப்புறம் மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

போன கடிதத்தில் உன் மூன்றாவது கேள்விக்கு நான் பதில் எழுதவில்லை. நீ கவனித்திருப்பாய். இப்போது எழுதுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பட்டறையில் மூன்று மாதம் வேலையே இல்லை. பெரிய கடைக்காரரிடம் போய் நின்றேன். "வேலை தர்றேன். எனக்கும் ஒரு ஒத்தாசை பண்ணு. எந்த ஆபீஸ்ல போனாலும் மூணு கொட்டேஷன் கேக்குறான். மூணு பேருக்கு நான் எங்க போறது? உன் லெட்டர்பேட்ல பத்துத் தாள் கையெழுத்து போட்டுக் குடு. உன் பேர்ல விலையை ஏத்திப் போட்டு நான் ஜெயிச்சுக்கறேன். நீ தோக்கறதுக்கு என்ன செலவா ஆகப்போகுது?" என்றார். போட்டுக் கொடுத்தேன். அவர் கடையில் தட்டச்சு செய்கிற அம்மாதான் எண்ணி வாங்கி உள்ளே வைத்தாள். அன்றைக்கு எனக்கு டீயும் வாங்கிக் கொடுத்தாள்.

இந்த முறையும் அவள்தான் மூன்றையும் அடித்திருக்கிறாள், காய்ச்சலோடு. உன்னிடம் பசை கேட்டவளும் அவள்தான். அவருடைய லெட்டர்பேடில் அடிக்க வேண்டிய குறைந்த விலையை என் தாளிலும், என் தாளில் அடிக்க வேண்டியதை அவருடையதிலும் அடித்துவிட்டாள். நான் போகாத போட்டியில் ஜெயித்துவிட்டேன் அக்கா. என் பட்டறையில் கல் அறுக்க மெஷின் இல்லை. அந்த விலைக்கு இரும்புச் சட்டம்கூடச் செய்ய முடியாது. சரக்கை நீங்களே கொடுங்கள் என்று அவரிடம் கெஞ்சினேன். "பில் உன் பேர்ல வரும், பணம் உன் பேங்க்ல விழும், நான் உன் பின்னாடி அலையணுமா?" என்கிறார்.

கறுப்புப் பட்டியலில் போட்டால் பள்ளிக்கூட ஆர்டர் ஒன்றுகூட வராது. ஆறு பேரையும் அனுப்பிவிட்டு நானும் எங்கேயாவது கூலிக்குத்தான் போக வேண்டும்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உறையைப் பிரித்தவள் நீதானே? என் கையெழுத்து உனக்குத் தெரியாதா? அப்போதே ஏன் சொல்லவில்லை?

தம்பி


ஏப்ரல் 12

தம்பி,

நலமா என்று கேட்கும் நிலையில் நான் இல்லை. உன்னை நேரில் பார்த்தால் ஓங்கி ஓர் அறை விடுவேன்.

கேட்டாய் அல்லவா, சொல்கிறேன். மேஜையைச் சுற்றி பிரின்சிபால், வேதியியல் துறைத் தலைவர், கணக்கு அதிகாரி. எதிர் பெஞ்சில் உங்கள் பெரிய கடைக்காரர், கையில் தண்ணீர் பாட்டில். கத்தரிக்கோலால் வெட்டி, பெயரையும் விலையையும் நான்தான் உரக்கப் படிக்க வேண்டும். மூன்றாவது உறையில் இருந்த லெட்டர்பேடின் தலையில் அந்த ஸ்டூல் படம். பட்டறை திறந்த வருஷம் மாமா வரைந்து கொடுத்தாரே, ஒரு கால் கொஞ்சம் குட்டையாக, அதே படம். கீழே வாலும் இரண்டு புள்ளியும். படித்தேன். யாரோ படிப்பது போல என் காதில் விழுந்தது. விலையைச் சொன்னதும் அவர் கையிலிருந்த மூடி கீழே விழுந்து உருண்டு என் காலடிக்கு வந்தது.

அந்த நிமிஷம் நான் எழுந்து, "இது என் கூடப்பிறந்தவன்" என்று சொல்லியிருக்க வேண்டும். நீ என்னிடம் மறைத்து விலை போட்டிருக்கிறாய் என்று நினைத்தேன். உன்னைக் கேட்டுவிட்டு அப்புறம் சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்குள் உறுதிமொழித் தாள் சுற்றி வந்துவிட்டது. உறவினர் எவருமில்லை. முன்னால் மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நான் நாலாவதாகப் போட்டேன்.

அப்புறம் நீ பத்தொன்பது நாள் பதில் எழுதவில்லை. வந்த கடிதத்தில் முதல் தடவையாக வெறும் 'தம்பி' என்று இருந்தது. கேலி செய்ததற்காக மாற்றிக்கொண்டான் என்று மாமா சொன்னார். உன் கையெழுத்தைக் கண்டு நீயே பயப்படுகிறாய் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

இப்போது நான் வாயைத் திறந்தால் என் உறுதிமொழி பொய் என்று ஆகும். வேலையும் போகும், ஓய்வூதியமும் போகலாம். திறக்காவிட்டால் மே நாலாம் தேதி உன் பட்டறை வாசலில் கமிட்டியோடு வந்து நின்று, உன்னை யாரென்றே தெரியாதவள் மாதிரி, "கல் அறுக்கும் இயந்திரம் எங்கே?" என்று கேட்க வேண்டும். உன் மனைவி என்னைப் பார்த்து 'வாங்க அண்ணி' என்று சொல்லாமல் இருக்க வேண்டும். சாப்பிட உட்கார்ந்தால் இதுதான் நினைவுக்கு வருகிறது.

நடந்ததை நடந்தபடி பிரின்சிபாலுக்கு எழுது. முதலில் நீ எழுதினால் தண்டனை குறையும் என்று விதியில் இருக்கிறது. வெற்றுத்தாள் கொடுத்ததை ஒப்புக்கொள். என்னைப் பற்றிக் கேட்டால் நான் சொல்லிக்கொள்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 18

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் இனி நலமாக இருக்கலாம். வழி கிடைத்துவிட்டது.

பெரிய கடைக்காரரே வக்கீலை வைத்து யோசித்துச் சொன்னார். டெண்டரில் இருக்கும் கையெழுத்து என்னுடையதல்ல என்று உங்கள் கல்லூரிக்குப் பதிவுத் தபால் அனுப்பிவிட்டேன். போலி என்று ஆகிவிட்டால் டெண்டர் ரத்து, மறுபடி புது டெண்டர். பட்டறையைப் பார்க்க யாரும் வர வேண்டாம். எனக்குக் கறுப்புப் பட்டியல் இல்லை. விலை கொடுத்தது நானே இல்லை என்றால், நீ போட்ட உறுதிமொழியும் பொய் இல்லை. எல்லாருக்கும் நல்லது.

கையெழுத்தை யார் போட்டது என்று கேட்பார்கள். கடையில் தட்டச்சு செய்கிற அம்மாதான் என்று அவர் சொல்லிவிடுவார். அவளுக்குப் பின்னால் ஏதாவது பார்த்துச் செய்வாராம்.

மாமாவின் கண்ணைப் பார்த்துக்கொள்ளச் சொல்.

தம்பி


ஏப்ரல் 29

தம்பிக்கு,

உன் பதிவுத் தபால் என் மேஜைக்குத்தான் வந்தது. முத்திரை குத்தி, எண் போட்டு, கோப்பில் வைத்தேன். அதில் வாலும் இல்லை, புள்ளியும் இல்லை. ஐம்பது வயதில் புதுக் கையெழுத்து எங்கேடா கற்றுக்கொண்டாய்?

பிரின்சிபாலுக்கு ஒரே சந்தோஷம். "நல்லவேளை, சுலபமா முடிஞ்சுது. ரெண்டு கையெழுத்தையும் ஒப்பிட்டுப் பாத்துட்டு, ஒண்ணு இல்லன்னு ஒரு சான்று குடுத்துடுங்க. ஒரே வரிதான்" என்றார். அந்த ஒரே வரியைத் தட்டச்சு செய்து என் முன்னால் வைத்திருக்கிறார்கள். கீழே என் பதவியும் ஒரு கோடும். ஐந்து நாளாக என் மேஜைக் கண்ணாடிக்குக் கீழே இருக்கிறது.

நேற்று அந்த அம்மா வந்தாள். அதே ஜன்னல், அதே கைப்பை. கடைக்காரர் கொடுத்த புகாரில் போலீஸ் இரண்டு தடவை வீட்டுக்கு வந்துவிட்டதாம். கடையில் சேர்க்கவில்லை, சம்பளமும் தரவில்லை. வீட்டில் படுத்தபடுக்கையாகப் புருஷன் இருக்கிறாராம். அழவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மேடம், பசை குடுத்தீங்களே, ஞாபகம் இருக்கா? மூணு உறை கொண்டாந்தேன்னு நீங்களே பாத்தீங்க. நான் அடிச்சேன் மேடம், தப்பா அடிச்சேன். ஆனா யார் கையெழுத்தையும் நான் போடல. உங்களுக்குத் தெரியுமில்ல?" என்றாள்.

ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன். அவ்வளவுதான் கொடுக்க முடிந்தது. அவள் போன பிறகு பசை பாட்டிலை எடுத்து அலமாரிக்குள் வைத்தேன்.

நீ டீ குடித்தது அவள் வாங்கிக் கொடுத்ததுதானேடா?

அந்தச் சான்றில் நான் கையெழுத்துப் போடமாட்டேன். அது உன் கையெழுத்து. அதை வேறு யாருக்கும் தாரை வார்க்க என்னால் முடியாது. உறை பிரித்த அன்று நான் வாய் மூடியிருந்ததையும், அதற்கு முன்னால் மூன்று உறையையும் பார்த்துவிட்டுச் சும்மா இருந்ததையும் சேர்த்து எழுதிவிட்டேன். உன் வீட்டில் சொல்ல உனக்கு நாள் வேண்டும், மே பதினைந்தாம் தேதி கொடுக்கிறேன். பார்வையிடும் தேதியை அதற்காகத் தள்ளிவைத்திருக்கிறேன். உன் கையெழுத்துக்கு மாதிரி கேட்பார்கள். நீ ஜனவரியில் எழுதிய கடிதத்தைத்தான் கொடுக்கப் போகிறேன், பின்னால் எழுதியவற்றையும். வேறு சாட்சி என்னிடம் இல்லை.

உன் பட்டறையை நானே மூடுகிறேன் என்று எனக்குத் தெரியும். மாமாவிடம் நேற்று சொன்னேன். படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்து வைத்தார். அப்புறம், "அந்த ஸ்டூலோட காலை நான் சரியா வரைஞ்சிருக்கணும்" என்றார். எதற்குச் சொன்னார் என்று தெரியவில்லை, ஆனால் எனக்கு அழுகை வந்துவிட்டது.

வேண்டாம் என்று நீ எழுதினாலும் கொடுப்பேன். எழுதாவிட்டாலும் கொடுப்பேன். உன் மனைவியிடம் நீயே சொல். மருமகளிடம் அத்தையைத் திட்ட வேண்டாம் என்று சொல்லாதே, திட்டட்டும்.

அக்கா


மே 12

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அனைவரும் உயிரோடு இருக்கிறோம். உன் முழங்கால் எப்படி? மாமா கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிறாரா?

உன் கடிதம் வந்த அன்று உனக்கு நான்கு பக்கம் எழுதினேன். அனுப்பவில்லை. அதிலிருந்தது எதுவும் அக்காவிடம் சொல்கிற வார்த்தை இல்லை. உன்னைத் திட்ட வாய் இருந்தது, அந்த டீயைப் பற்றி நீ கேட்டதற்குப் பதில் எழுதக் கை வரவில்லை. ஆமாம், அவள் வாங்கிக் கொடுத்ததுதான்.

நேற்று ஆறு பேரையும் உட்காரவைத்துச் சொன்னேன். மூத்தவர் மட்டும் ஒன்று கேட்டார்: "கல்லு மேஜைக்கு நாம எப்ப விலை போட்டோம் முதலாளி?" போடவே இல்லை என்று சொன்னால் அவருக்குப் புரியவில்லை. எனக்கே இன்னும் புரியவில்லை. உன் தம்பி மனைவி மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. ஆனால் நான் கீழே போட்ட பேனாவை அவளே குனிந்து எடுத்துக் கொடுத்தாள்.

என் கடிதங்களை மட்டும் கொடுத்தால் உன்னை விடமாட்டார்கள் அக்கா. உனக்கு எல்லாம் முன்பே தெரியும் என்பார்கள். அதனால் இந்த வருஷம் நீ எனக்கு எழுதியதையெல்லாம் இத்துடன் வைத்திருக்கிறேன், அந்தப் பழுப்பு உறையையும் சேர்த்து. முதல் கடிதத்திலேயே என் ஸ்டூல் வாசலைத் தாண்டக் கூடாது என்று எழுதியிருக்கிறாய். மார்ச் ஐந்தில் எதுவும் தெரியாமல்தான் என்னைக் கேட்டிருக்கிறாய். பசை கொடுத்ததும் அதில் இருக்கிறது, அந்த அம்மாவுக்கு உதவும். தேதி வாரியாக அடுக்கியிருக்கிறேன். கோப்பில் வைக்கும்போது பக்க எண் மட்டும் நீ போட்டுக்கொள்.

நடந்ததை நடந்தபடி பிரின்சிபாலுக்கு நானும் எழுதிவிட்டேன். முதலில் எழுதினால் தண்டனை குறையும் என்றாய். அந்தப் பொய்த் தபாலை அனுப்பிய பிறகு அது இனி எனக்கு இல்லை, தெரியும்.

கீழே முழுக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், வாலோடு, இரண்டு புள்ளியோடு. ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்.

உன் தம்பி